உதாரண வாக்கியம்

பத்தரைக்கு வரச் சொல்லி ஓலை அனுப்பியவர்கள் பதினொன்றே கால் ஆகியும் கூப்பிடவில்லை. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் முதல் மாடி வராந்தாவில், அசைந்தால் இரண்டு பலகைக்கும் நடுவே தொடைச் சதையைக் கவ்விப் பிடிக்கிற ஒரு பெஞ்சில், பூவலிங்கம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நாற்பத்து மூன்று வயது. ஒரு மகளிர் கல்லூரியில் ஆங்கில உதவிப் பேராசிரியர். பதினான்கு வருடமாகத் தற்காலிகம். நிரந்தரம் செய்கிற கோப்பு ஏழு மாதமாக நிர்வாகத்தின் மேசையில் தூங்குகிறது. மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் ஒரே ஒரு தாள்: போன மாதம் அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டு இந்த அலுவலகத்துக்கு அனுப்பிய விளக்கக் கடிதத்தின் நகல். மொத்தம் மூன்று வரி. முதல் வரி வணக்கம், மூன்றாவது வரி நன்றி, நடுவரி பொய். மேற்படி வாக்கியத்தை நான் வகுப்பில் ஒருபோதும் கூறியதில்லை. காலையிலிருந்து அதை மனதுக்குள் நூறு தடவை வாசித்துவிட்டான், ஒவ்வொரு தடவையும் 'ஒருபோதும்' என்ற இடத்தில் வந்து கால் இடறியது. கூறவில்லை என்று மட்டும் எழுதியிருந்தால் மறந்துவிட்டேன் என்று சொல்லி நழுவலாம். ஒருபோதும் என்று எதற்கு எழுதினாய், யார் கேட்டார்கள் உன்னிடம். ஹைப்பர்போல். வலியுறுத்தும் பொருட்டு மிகைப்படக் கூறுதல், நேர்ப்பொருளில் கொள்ளத் தக்கதன்று, இரண்டு மார்க். இலக்கியச் சொற்பட்டியலை வைத்து வயிறு கழுவுகிறவனுக்கு இந்த வியாதி உண்டு. எது கண்ணில் பட்டாலும் அதன் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். பெயர் வைத்துவிட்டால் பயம் கொஞ்சம் அடங்கும் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தான். இன்றைக்கு அடங்கவில்லை.

எதிர் பெஞ்சில் பேச்சித்தாய் இருந்தாள். மூன்றாம் ஆண்டு, முதல் வரிசை, ஜன்னலோரம், காய்ச்சலோடும் வகுப்புக்கு வருகிறவள். முப்பத்தொரு பெண்களின் சார்பாக வந்திருந்தாள். அவள் அப்பா கீழே மரத்தடியில் நின்றார், மேலே வரக் கூச்சம். வணக்கம் சார் என்றதோடு சரி, அதற்கப்புறம் அவள் அவனைப் பார்க்கவில்லை. காலடியில் இரண்டு மஞ்சள் பைகளில் நோட்டுகள். விஷயம் என்னமோ சின்னதுதான், யாரிடமாவது சொன்னால் சிரித்துவிடுவார்கள். ஏப்ரலில் நடந்த பருவத் தேர்வில் இலக்கியச் சொற்களும் அணிகளும் என்ற தாளில் ஒரு ஐந்து மார்க் கேள்வி: அப்பாஸ்ட்ரஃபி என்பதை உதாரணத்துடன் விளக்குக. எதிரில் இல்லாத ஆளையோ, செத்துப்போனவரையோ, எதிரில் நிற்பதாகப் பாவித்து அழைத்துப் பேசுதல். நிலாவே என்று கூப்பிடலாம், மரணமே என்று கூப்பிடலாம். எந்தக் கல்லூரி என்றாலும் உதாரணம் நிலாவாகத்தான் இருக்கும். முப்பத்தொரு விடைத்தாளில் மட்டும் நிலா இல்லை. 'சந்தனம், நீ ஏன் இன்னொரு தடவை தட்டவில்லை?' என்று ஆங்கிலத்தில், ஒரே மாதிரி, கேள்விக்குறி உட்பட, முப்பத்தொரு கையெழுத்தில் இருந்தது. திருத்தும் முகாமில் இருந்த யாரோ ஒரு வாத்தியார் இருக்கிற கைடெல்லாம் புரட்டிப் பார்த்தாராம், எதிலும் அந்த வரி இல்லை. பரீட்சை அறையில் துண்டுச் சீட்டு சுற்றி வந்திருக்கிறது என்று முடிவு கட்டி மேலே எழுதிவிட்டார். முப்பத்தொரு பேருக்கும் ரிசல்ட் நிறுத்திவைப்பு. காப்பி அடித்தது உறுதியானால் அந்தப் பருவம் முழுக்க ரத்து, அதற்கப்புறம் இரண்டு பருவத்துக்குப் பரீட்சை எழுதத் தடை. சந்தனம் யார் என்று அந்த வாத்தியாருக்குத் தெரியாது. பெண்களுக்கும் தெரியாது. சந்தனமாரி பூவலிங்கத்தின் அக்கா, செத்து இருபது வருடம் ஆகிறது.

அவர்கள் காப்பி அடிக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பெண்கள் மனப்பாடம் செய்வது எப்படி என்று இந்த ஏசி அறைக்குள் இருக்கிற பெரிய மனிதர்களுக்குச் சொன்னால் நம்புவார்களா. தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வருகிற அம்மாவுக்கு அடுப்புப் பற்றவைத்துக்கொண்டே, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றுகொண்டே, முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே, அர்த்தம் பாதி தெரியாமல், கமாவைக் கூட விடாமல் உருப்போடுவார்கள். அவன் சொல்லச் சொல்ல எழுதுவார்கள், எழுதியதை விழுங்குவார்கள், மூன்று மணி நேரத்தில் தாளில் கக்குவார்கள். கல்லூரியில் எல்லோரும் அப்படித்தான் பாடம் நடத்தினார்கள், அவனும் நடத்தினான், தேர்ச்சி விகிதம் நன்றாக இருந்தது, யாருக்கும் குறையில்லை. நாலு வருடம் முன்னால் டிராஜடிக்கு இலக்கணம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவே 'கடைசி பெஞ்ச், பேசாதே' என்று அதட்டினான்; இன்பத்திலிருந்து துன்பத்துக்கு வீழும் உயர்ந்த மனிதனின் கதை கடைசி பெஞ்ச் பேசாதே என்று ஒருத்தி பரீட்சையில் எழுதிவைத்திருந்தாள். ஆசிரியர் அறையில் அதைச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள். சிரித்தானே தவிர, இவர்கள் என் வாயிலிருந்து எது விழுந்தாலும் எடுத்துக்கொள்வார்கள், நான் வாயைக் காக்க வேண்டும் என்று அன்றைக்கு அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். வாத்தியார் வேலைக்குக் கூலி வாங்குகிறவனுக்கு அதுகூடத் தோன்றாவிட்டால் எப்படி.

பரீட்சைக்கு நாலு நாள் முன்னால் திருப்புதல் வகுப்பு. முன்பகல், நல்ல வெயில், பக்கத்து வகுப்புச் சத்தம் தாங்காமல் கதவைச் சாத்தியிருந்தான். சொற்களை வரிசையாக ஒரு ஓட்டு ஓட்டிக்கொண்டு வந்தான்: சிமிலி, மெட்டஃபர், மெட்டானமி, ஐரனி. அப்பாஸ்ட்ரஃபிக்கு இலக்கணம் சொல்லி முடித்து, உதாரணம் என்று சொல்லிவிட்டு நிலாவைக் கூப்பிட வாயைத் திறந்தபோது கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு. தாமதமாக வந்த எவளோ. இரு, வருகிறேன் என்று சொல்லவில்லை, போய்த் திறக்கவுமில்லை. தட்டு இன்னொன்று வருமென்று நின்றான். வரவில்லை. முப்பத்தொரு பேனாக்கள் உதாரணத்துக்குக் காத்திருந்தன, வெளியே நடந்து போகிற சத்தம் கேட்டது, அப்போது அவன் வாய் ஆங்கிலத்தில் சொன்னது, மெதுவாக, பாடம் சொல்கிற அதே குரலில்: சந்தனம், நீ ஏன் இன்னொரு தடவை தட்டவில்லை. சொல்லிவிட்டதே அவனுக்கு உறைக்கவில்லை. பேனாக்கள் நகர்ந்தன. பேச்சித்தாய் மட்டும் தலையைத் தூக்கி, சார், அந்தப் பேருக்கு ஸ்பெல்லிங் என்றாள், அவன் கரும்பலகையில் எழுதிப் போட்டான். ஆமாம், எழுதிப் போட்டான், சாக்பீஸ் பிடித்த விரல் இதோ இருக்கிறது. கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனவள் வெயிலாட்சி, சார் திட்டுவார் என்று பயந்து நூலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டாளாம். அவள் பரீட்சையில் நிலாவைத்தான் எழுதினாள். முப்பத்திரண்டு பேரில் அவள் ஒருத்திதான் பாஸ். இதற்கும் பட்டியலில் ஒரு பெயர் உண்டு, ஐரனி, முரண்நகை என்று, மூன்று வகைப்படும் என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதலாம்.

உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது, தேநீர் எடுத்துக்கொண்டு பியூன் போனார், கதவு திறந்தபோது வந்த குளிர்ந்த காற்றில் கோந்து வாசனை இருந்தது. விளக்கம் கேட்டு இங்கிருந்து நோட்டீஸ் வந்த அன்றைக்கும் இதே வாசனை, உறை அப்போதுதான் ஒட்டியது போலிருந்தது. பிரின்சிபால் அம்மா தன் அறைக்குக் கூப்பிட்டு நீட்டினார். அவன் வாசித்தான். முத்திரை போட்ட தாளில், தட்டச்சு எழுத்தில், அக்காவின் பெயர். இருபது வருடமாக அவன் மண்டைக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த வரி, சொந்த மனைவி கோமதிக்கே தெரியாத வரி, இணைப்பு ஒன்று, கேள்வி எண் பதினான்கு என்ற தலைப்பில் கிடந்தது. எப்படி வெளியே வந்தது, யார் உள்ளே புகுந்து பார்த்தார்கள் என்றுதான் முதலில் நினைத்தான், சத்தியமாக அப்படித்தான் நினைத்தான். "சுருக்கமா எழுதிக் குடுங்க சார். உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதுனா போதும். காலேஜ் பேரு இதுல இழுபடக் கூடாது, உங்க ஃபைலும் இப்பத்தான் நகருது" என்றார் பிரின்சிபால் அம்மா. அவர் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் எழுதியிருப்பான். கை தன்னால் எழுதியது. ஃபைலுக்குப் பயந்து எழுதினேன் என்று அப்புறம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், அது கேட்க நாகரிகமாக இருந்தது, வேலைக்குப் பயப்படாத மனிதன் உண்டா. உண்மையில் அவன் வேலைக்குப் பயப்படவில்லை. அந்த வரி என்னுடையது என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி என்ன என்று அவனுக்குத் தெரியும். யார் அந்தச் சந்தனம், எந்தக் கதவு, உள்ளே யார் இருந்தது.

"சார்" என்றாள் பேச்சித்தாய். அவன் திடுக்கிட்டுத் தொடையை அசைத்துவிட, பெஞ்ச் கவ்வியது. அவள் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நோட்டக் காமிச்சோம் சார் போன தடவ. இத நேத்துக்கூட எழுதியிருக்கலாம்லன்னு கேக்குறாங்க. உங்க சாரே சொல்லலன்னு எழுதிக் குடுத்துருக்காரேன்னு சொல்றாங்க." அவன் ம் என்றான். ம் என்பதற்கு எந்தப் பட்டியலிலும் பெயர் கிடையாது. "எங்களுக்கே சந்தேகம் வந்துருச்சு சார். எல்லாரும் ஒக்காந்து பேசுனோம். சார் சொன்னாரா, நம்மளா எழுதுனோமான்னு. மகேஸ்வரி சொல்லுதா, நமக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருக்கும்னு." மஞ்சள் பையின் வாயை மடித்துவிட்டு, "மகேஸ்வரிய மில்லுக்கு அனுப்பிட்டாங்க சார், கோயமுத்தூர்ப் பக்கம். காப்பி அடிச்ச பிள்ளைய வீட்ல வச்சு என்ன செய்யன்னு. எனக்கு பி.எட். சீட்டு வெள்ளிக்கெழம வரைக்கும்தான். அப்புறம் அத்த மகனுக்குப் பேசி முடிச்சிருவாங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை, அட்டவணை வாசிக்கிற மாதிரி சொன்னாள். பிறகு முதல் தடவையாக அவனைப் பார்த்தாள். "நீங்க சொன்னீங்கதான சார்?" பதில் எதிர்பாராத கேள்வி என்று ஒன்று உண்டு, ரெட்டரிக்கல் கொஸ்டின், அதுவும் பட்டியலில் வருகிறது, இவள்தான் அதற்குப் பத்துக்குப் பத்து வாங்கியவள். ஆனால் இவள் இப்போது கேட்டது அந்த வகை இல்லை. பதிலுக்காகத்தான் கேட்டாள். அவன் கழிவறைக்குப் போகிறவன் போல எழுந்து வராந்தாக் கோடி வரை நடந்தான், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான், மரத்தடியில் அவள் அப்பா தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

இருபது வருடத்துக்கு முன்னால், அன்றைக்கு மின்சாரம் இல்லை. மதியம் இரண்டரை இருக்கும், ஏப்ரல் மாதம், மறுநாள் அவனுக்கு எம்.ஏ. இரண்டாம் வருடப் பரீட்சை. அப்பா அரிசி மில்லில், அம்மா அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். சட்டையில்லாமல் தரையில் குப்புறப் படுத்து, இதே சொற்பட்டியலைத்தான் உருப்போட்டுக்கொண்டிருந்தான். ஹமார்ஷியா. தீய எண்ணத்தால் அன்றி, தவறான கணிப்பால் நாயகன் செய்யும் பிழை. அந்த வரியில் விரல் இருந்தபோதுதான் கதவு தட்டப்பட்டது. "பூவு" என்ற குரல். அக்காவைத் தவிர அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "பூவு, இருக்கியாடா?" எழுந்திருக்கக் கையை ஊன்றினான், ஊன்றியவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நாலு தடவை பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒப்பாரி, பெரியவர்கள் கூடிப் பேசுதல், புருஷன் அடித்த முதுகைக் காட்டுதல், கண்டாங்கிச் சேலையும் பழமும் வாங்கிக் கொடுத்து மறுபடி கொண்டுபோய் விடுதல். இனி பையைத் தூக்கிட்டு வந்தா வாசலோட திருப்பி அனுப்பு, படி ஏத்தாத என்று அப்பா போன தடவையே சொல்லியிருந்தார். அப்பா சொன்னதற்காக ஒன்றும் அவன் சும்மா இருக்கவில்லை. திறந்தால் மூன்று நாள் போச்சு, பரீட்சை போச்சு என்று நினைத்தான், அவ்வளவுதான். அம்மா வருகிற வரைக்கும் எங்கேயாவது பக்கத்தில் இருப்பாள், சாயங்காலம் வந்துகொள்ளட்டும் என்று நினைத்தான். பதித்த பூட்டுள்ள கதவு, வெளியே நின்று பார்த்தால் உள்ளே தாழ் போட்டிருப்பது தெரியாது. மூச்சை அடக்கினான். மறுபடி தட்டினாள், முதல் தட்டைவிட மெதுவாக. இன்னொரு தடவை தட்டினால் திறந்துவிடுவோம் என்று அவன் மனதுக்குள் ஒரு முடிவு இருந்தது. இல்லை, அப்போது இருந்ததா, பின்னால் வந்து சேர்ந்ததா என்று இப்போது அவனால் சத்தியம் செய்ய முடியாது. இருபது வருடமாக இருக்கிறது. மூன்றாவது தட்டு வந்திருந்தால் திறந்திருப்பேன், அவள்தான் தட்டவில்லை. எத்தனை சௌகரியமான வரி. கொஞ்ச நேரம் வாசலில் ஏதோ துணி உரசுகிற சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. அவன் ஹமார்ஷியாவை முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனான். மறுநாள் பரீட்சை நன்றாக எழுதினான், முதல் வகுப்பு.

ஒன்பதாவது நாள் அக்காவின் ஊரிலிருந்து ஆள் வந்து சொன்னது. அடுப்பு வெடித்துவிட்டது என்றார்கள். யூஃபிமிசம், கொடியதை மென்மையான சொல்லால் மூடிச் சொல்லுதல். அந்தச் சொல்லை மட்டும் அவன் வகுப்பில் உதாரணமில்லாமல் கடந்து போய்விடுவான். பஸ் ஸ்டாப் பெட்டிக்கடைக்காரர் துக்கத்துக்கு வந்தவர், போன வாரம் சந்தனம் ரெண்டரை மணி பஸ்ல இறங்குச்சே, கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து அதே வண்டி மறுபடி வரவும் ஏறிப் போச்சே என்றார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். நீ எங்கடா போயிருந்த என்று கேட்டாள், லைப்ரரிக்கு என்றான், கதவப் பூட்டிட்டா, ஆமா. அத்தோடு அவனிடம் கேட்க வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது. அம்மா மிச்ச வருடங்களெல்லாம் தன்னைத்தான் கேட்டுக்கொண்டாள். நான் ஏன் அந்தக் கல்யாணத்துக்குப் போனேன், யாரு கூப்பிட்டா, போகாட்டி குடியா முழுகும், எம்பிள்ள வந்து பூட்டின வீட்டப் பாத்துட்டுப் போயிருக்கே. அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்கும் அவள் போனதில்லை, பூவலிங்கத்தின் கல்யாணத்திலேகூடச் சமையற்கட்டை விட்டு வெளியே வரவில்லை. இப்போதும், எழுபத்தைந்து வயதில், வாரம் ஒருமுறையாவது காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது கத்தியை வைத்துவிட்டு, அன்னிக்கு வீட்ல ஒரு ஆளு இருந்திருந்தா என்று ஆரம்பிப்பாள். எதிரே உட்கார்ந்து அவன் தோசை தின்றுகொண்டிருப்பான். பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்க, மேடையில் நிற்பவருக்கு மட்டும் தெரியாமல் இருப்பது, நாடக முரண்நகை. இதைச் சொல்லிக்கொடுக்கும்போது புரிகிறதா என்று கேட்பான், புரியுது சார் என்பார்கள். தின்று முடித்துக் கை கழுவப் போவான். இருபது வருடம் தன் பாவத்தை அம்மாவைச் சுமக்கவிட்டுவிட்டு அவள் சுட்ட தோசையைத் தின்கிறவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது, பட்டியலில் தேடிப் பார்த்திருக்கிறான், நாயகனின் பிழை என்ற அளவுக்குக்கூட எதுவும் பொருந்தவில்லை. இங்கே வாக்குமூலம் கொடுத்தால் அது கல்லூரிக்குப் போகும். கல்லூரி அலுவலக ரைட்டர் அடுத்த தெரு. சாயங்காலத்துக்குள் அம்மா காதில் விழும், அவன் போய்ச் சொல்வதற்கு முன்னாலேயே விழுந்தாலும் விழும்.

"பூவலிங்கம் யாரு, உள்ள வாங்க" என்றார் பியூன். போகும்போது பேச்சித்தாய் எழுந்து நின்றாள், வாத்தியார் போகும்போது எழுந்து நிற்கிற பழக்கம், அவ்வளவுதான், அதில் வேறு அர்த்தம் எதுவும் இல்லை. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர், நல்ல மனிதராகத் தெரிந்தார். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, வேறொரு கல்லூரியில் துறைத் தலைவர். ஓரத்தில் கம்ப்யூட்டரோடு ஒரு குமாஸ்தா. உங்க கடிதம் இருக்கு, அதையே உறுதிப்படுத்துறீங்கன்னா ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பலாம் என்று தலைவர் தாளை நகர்த்தினார், பேனாவையும் மூடி கழற்றி வைத்தார். அவ்வளவு சுலபம். பேனாவை எடுத்தான். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருப்பாள், அவள் உட்கார மாட்டாள் என்று தோன்றியது. அவள் கதவைத் தட்டக்கூட மாட்டாள், இங்கே தட்ட அவளுக்கு உரிமையில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றான். "அந்த வாக்கியத்த நான்தான் டிக்டேட் பண்ணுனேன். பேர போர்டுல எழுதிப் போட்டேன். பிள்ளைங்க மேல தப்பில்ல."

தலைவர் பெருமூச்சு விட்டார். "முன்னாடி இல்லன்னு எழுதுனீங்களே சார். பிள்ளைகளோட அப்பன்மார் யாரும் வந்து மெரட்டுனாங்களா? சொல்லுங்க, பயப்படாதீங்க."

"யாரும் மெரட்டல."

"அப்ப எதுக்கு மறைச்சீங்க?" என்றார் கண்ணாடி போட்ட அம்மா. "காரணம் சொல்லணும் சார். நாங்க நம்பிடுவோம், மேல இருக்குறவங்க நம்பணும்ல. வாத்தியார் இரக்கப்பட்டுப் பழிய ஏத்துக்கிட்டாருன்னு தள்ளிருவாங்க. ஒரு வாத்தியாரு வகுப்புல இப்படி ஒரு வரிய ஏன் சொல்லணும்? இந்தச் சந்தனம் யாரு?"

சொன்னான். இருபது வருடம் அடைத்து வைத்ததைச் சொல்ல ஒரு மணி நேரமாவது ஆகும் என்று நினைத்திருந்தான், மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. சொல்லும்போது யாரும் எழுந்து நிற்கவில்லை, யாரும் வாயில் கை வைக்கவில்லை. தலைவர் நடுவே இரண்டு தடவை குறுக்கிட்டு, வகுப்புல சொன்ன தேதி என்ன, அன்னிக்கு வருகைப் பதிவேடு இருக்கா என்று கேட்டார். குமாஸ்தா தட்டிக்கொண்டே இருந்தார். அந்தத் துறைத் தலைவர் அம்மா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி சார், வருத்தமான விஷயம்தான்" என்றார் தலைவர். "பிள்ளைங்க ரிசல்ட் வெள்ளிக்கெழமைக்குள்ள வர்ற மாதிரி எழுதிடுறேன். உங்க மேல நடவடிக்கை இருக்கும், அது உங்க நிர்வாகம் பாத்துக்கும். வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க." அச்சடித்த தாள் சூடாக வந்து மேசையில் விழுந்தது.

வாசித்தான். பெயர், வயது, பதவி எல்லாம் சரியாக இருந்தது. நான் வீட்டினுள் இருந்துகொண்டே கதவைத் திறக்கவில்லை. சரி. அவர் இருமுறை தட்டினார். சரி. வீட்டில் எவரும் இல்லை என்று கருதி அவர் திரும்பிச் சென்றார். அந்த இடத்தில் கண் நின்றது. இதை நான் சொல்லவில்லையே என்று நினைத்தான், குமாஸ்தா கோர்வையாக இருக்கட்டும் என்று சேர்த்திருக்கிறார், யார் சேர்த்தாலும் அப்படித்தான் சேர்ப்பார்கள், அவனும் இருபது வருடமாக அப்படித்தான் வைத்திருந்தான். எவரும் இல்லை என்று கருதி. அன்றைக்கு அவன் செருப்பு வாசலில் கிடந்தது. கருப்பு ரப்பர் செருப்பு, வார் அறுந்ததை அக்காதான் மூன்றாவது தடவை வந்திருந்தபோது பச்சை நூலால் தைத்துக் கொடுத்தாள், ஊரிலேயே அப்படி ஒரு செருப்பு இருக்காது. காலையில் கடைக்குப் போய்விட்டு வந்து, எப்போதும்போல் ஒன்று படியிலும் ஒன்று மண்ணிலுமாகக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் உள்ளே போனான். செருப்பை ஒழுங்காக விடத் தெரியாதாடா என்று அதற்காகவே அவளிடம் சின்ன வயதிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டவன். சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னால் வெளியே வந்தான், காலை நீட்டினான், தேடாமல் உள்ளே போயிற்று. செருப்பு இரண்டும் படியோரம் சேர்த்து, குதிகால் வாசற்கதவுப் பக்கமாக, போட்டுக்கொண்டு கிளம்பத் தோதாக வைக்கப்பட்டிருந்தது. போட்டுக்கொண்டு போய் டீ குடித்தான். அதை அவன் மறக்கவே இல்லை, நினைக்கவும் இல்லை. குனிந்து எடுத்து வைத்திருக்கிறாள். துணி உரசிய சத்தம் அதுதான்.

"என்ன சார், எதுவும் தப்பா இருக்கா?" என்றார் அந்த அம்மா.

அவன் பேனாவை எடுத்து, வீட்டில் எவரும் இல்லை என்று கருதி என்பதை ஒரே கோடாக அடித்தான். மேலே, வரிகளுக்கு நடுவே இருந்த இடத்தில், நான் உள்ளே இருப்பது தெரிந்து என்று எழுதினான். தாளைத் திருப்பி வாசித்த தலைவர், இது பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லையே சார், கேஸுக்குத் தேவையில்லாத வரிதானே என்றார். தேவையில்லைதான் சார் என்றான் பூவலிங்கம். குமாஸ்தா எட்டிப் பார்த்துவிட்டு, அடித்துத் திருத்தின இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்றார். போட்டான்.